மாடல் நிற்கட்டும், அளவைக் கொடுங்கள்

கொச்சியின் மட்டாஞ்சேரி ஜூ டவுனில் அந்தக் காலத்துக் கப்பல் விளக்கு விலைக்குக் கிடைக்கும். பத்து வருடத்துக்கு முன் வாங்கிய முக்குளிப்பு டார்ச்சுக்கு ஒரு ரப்பர் வளையம் கிடைக்காது. தயாரித்தவர்களிடம் கேட்டால், அந்த மாடலை நிறுத்திவிட்டோம், புதியது வாங்கிக்கொள்ளுங்கள் என்பார்கள்.

இத்தனைக்கும் கெட்டுப்போவது பெரும்பாலும் அந்த வளையம்தான். 30 மீட்டர் ஆழத்தில், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 3 கிலோ அழுத்தம் கூடுகிறது. 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள முகப்புக் கண்ணாடியின் மேல் ஓர் ஆள் ஏறி நிற்பதற்குச் சமம் அது. அந்த அழுத்தத்தில் புகப்பார்க்கும் நீரை மறிப்பது இரண்டு, மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள ஓ-ரிங்.

ஓ-ரிங் எந்த கம்பெனிக்கும் தனிச்சொத்து அல்ல. உள்விட்டம், தடிமன், ரப்பரின் வகை மூன்றையும் சொன்னால் ஹைட்ராலிக் சீல் விற்கும் கடையில் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அளவு தெரியாததுதான் சிக்கல். பழைய வளையத்தை வெர்னியரில் பிடித்தால் தப்பாகக் காட்டும். வருடக்கணக்கில் நசுங்கித் தட்டையாகியிருக்கும். அது உட்காரும் பள்ளத்தின் ஆழம், அகலம், விட்டம் ஆகியவற்றைத்தான் அளக்க வேண்டும். மூடியை இறுக்கும்போது வளையம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நசுங்க வேண்டும். பழையதை ஊசியால் நெம்பி எடுத்துப் பள்ளத்தில் கீறல் விழுந்தால், புது வளையம் போட்டும் பயனில்லை. சிலிக்கான் கிரீஸ் தடவச் சொல்வார்கள். வளையமும் சிலிக்கான் ரப்பராக இருந்தால் அந்த கிரீஸே அதை உப்பவைத்துவிடும். எந்த ரப்பர் என்பதையாவது கையேட்டில் அச்சிட்டிருக்கலாம்.

சுவிட்சுக்கு இவ்வளவு பாடு இல்லை. பல டார்ச்சுகளில் வெளியே ஒரு காந்தம், உள்ளே ஒரு ரீட் சுவிட்ச், அவ்வளவுதான். எலெக்ட்ரானிக்ஸ் கடைச் சரக்கு.

பேட்டரி விஷயத்தில் மட்டும் நான் கம்பெனிகளின் பக்கம். லித்தியம் செல்லின் 18650 என்ற எண்ணே அளவைச் சொல்லிவிடுகிறது: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். அதனால் செல் கிடைப்பது சுலபம். ஆனால், லித்தியம் செல்களைத் தானே இணைத்து பேக் கட்டுவது விஷப்பரீட்சை. நீர் புகாத உடலுக்குள் வாயு சேர்ந்தால் வெளியேற வழி கிடையாது. 2019 செப்டம்பரில் கலிபோர்னியா கடலில் ‘கன்செப்ஷன்’ என்ற முக்குளிப்புப் படகு எரிந்து 34 பேர் இறந்தார்கள். தீ எதனால் மூண்டது என்று விசாரணையில் உறுதியாகவில்லை. ஆனால், கவனிக்க ஆளில்லாமல் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த பேட்டரிகளும் சந்தேகப் பட்டியலில் இருந்தன.

தப்பான பாகம் போட்டு விபத்து நேர்ந்தால் பழி எங்கள் மேல்தானே என்று கம்பெனிகள் கேட்கலாம். அளவை மறைப்பதால் யாரும் பழுதுபார்ப்பதை விட்டுவிடப்போவதில்லை, குத்துமதிப்பாகப் போடுவார்கள். அப்படிப் போட்ட விளக்கு, மட்டாஞ்சேரி கால்வாயின் சேற்று நீரில் படகின் புரொப்பெல்லரில் சிக்கிய வலையை அறுக்கும்போது அணைந்தால், கத்தியும் கையும் எங்கே என்று தடவித்தான் பார்க்க வேண்டும்.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுநீக்கும் உரிமைக்காகக் குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் இணையதளமும் திறந்தது. வேளாண் கருவிகள், செல்போன் உள்ளிட்ட மின்னணுச் சாதனங்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளை முதலில் எடுத்துக்கொண்டார்கள். உயிரையே நம்பி ஒப்படைத்து நீருக்குள் எடுத்துப்போகும் கருவி அதில் தனியாக இல்லை. இருபது வருடத்துக்கு உதிரி பாகம் வைத்திருக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. சிறிய கம்பெனிகளுக்குக் கட்டுப்படியாகாது. மாடலை நிறுத்தும் நாளில் ஒரு பக்க வரைபடம் வெளியிட்டால் போதும்: வளையங்களின் அளவும் ரப்பர் வகையும், கண்ணாடியின் விட்டமும் தடிமனும், பல்பின் வோல்டேஜ், சுவிட்சின் வகை.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. கடற்படையின் முக்குளிப்புப் பள்ளி கொச்சியில்தான் இருக்கிறது. துறைமுகம், தீயணைப்புத் துறை என்று விளக்குகளை மொத்தமாக வாங்குபவர்களும் இங்கே உண்டு. அடுத்த டெண்டரிலேயே இந்த வரைபடத்தை நிபந்தனையாகச் சேர்க்கலாம்.

- கட்டுரையாளர், கொச்சியில் முக்குளிப்புக் கருவிகளைப் பழுதுபார்ப்பவர்.