பழைய இசட்டா, புதிய இசட்டா?

கார் பைத்தியங்களுக்குள் ஓயாத சண்டை ஒன்று உண்டு நண்பர்களே. பழசு உசத்தியா, புதுசு உசத்தியா? பொதுவாகப் பேசினால் விடியவே விடியாது. அதனால் ஒரே குடும்பத்து ஸ்போர்ட்ஸ் கூபே இரண்டை எடுத்துக்கொள்வோம்.

தாத்தா, டாட்சன் 240இசட். நிஸான் கம்பெனி 1969-ல் ஜப்பானில் அறிமுகப்படுத்தி, 1970 மாடலாக அமெரிக்காவுக்கு அனுப்பிய கார். பேரன், 2022-ல் விற்பனைக்கு வந்த நிஸான் இசட்.

முதலில் எண்கள். தாத்தாவுக்கு 2.4 லிட்டர், ஆறு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர், 151 குதிரைத்திறன் (அன்றைய அளவீடு கொஞ்சம் தாராளம்!). எடை ஆயிரம் கிலோவுக்குச் சற்று மேல். பேரனுக்கு 3 லிட்டர் வி6, இரட்டை டர்போ, 400 குதிரைத்திறன். எடை கிட்டத்தட்ட 1,600 கிலோ. ஓட்டப் பந்தயம் வைத்தால் தாத்தா கிளம்புவதற்குள் பேரன் போய்ச் சேர்ந்துவிடுவான்.

ஆனால் நான் படிப்பது பி.காம். இரண்டையும் ஓட்டியதில்லை, விலையைப் பார்க்கத் தெரியும். :-)

1970-ல் அமெரிக்காவில் 240இசட்டின் விலை 3,526 டாலர். அதே சமயம் போர்ஷே 911 ஆறாயிரம் டாலருக்கு மேல். அமெரிக்காவில் நிஸானின் தலைவராக இருந்த யுடாகா கட்டயாமா பிடிவாதமாகக் கேட்டு வாங்கிய கார் இது. பணக்காரன் மட்டும் அனுபவித்த ஒன்றை மாதச் சம்பளக்காரன் வாசலில் நிறுத்தியதுதான் இதன் சாதனை. என்ஜின் அப்புறம்தான்.

விலைவாசி உயர்வைச் சேர்த்தால் அந்த 3,526 டாலர், 2023 கணக்கில் ஏறக்குறைய 27,700 டாலர். புதிய இசட்டின் ஆரம்ப விலையோ அந்த வருடம் 40,000 டாலரை ஒட்டி இருந்தது.

"இன்றைய 911 லட்சம் டாலரைத் தாண்டுகிறதே, அதைப் பார்த்தால் இது மலிவுதானே?" என்பார்கள். அடுத்த கடையில் விலை ஏறினால் என் பையில் பணம் ஏறுமா என்ன?

"ஏர்பேக், ஏ.பி.எஸ். எல்லாம் சும்மா வருமா?" என்பது இன்னொரு கேள்வி. இது நியாயமான கேள்வி. தாத்தாவிடம் அவை எதுவும் இல்லை, பின் சக்கரங்களுக்கு டிரம் பிரேக்தான். விபத்து என்று வந்தால் நான் பேரனுக்குள்தான் இருக்க விரும்புவேன். ஆனால் டொயோட்டா ஜி.ஆர். 86-ஐப் பாருங்கள். அதே 2.4 லிட்டர், நான்கு சிலிண்டர், 228 குதிரைத்திறன், எடை 1,300 கிலோவுக்குள். ஏர்பேக், ஏ.பி.எஸ். எல்லாம் உண்டு. அமெரிக்காவில் 2022 மாடலின் ஆரம்ப விலை 27,700 டாலர்! பாதுகாப்பைக் காரணம் காட்டி விலையை நியாயப்படுத்த முடியாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

புதிய இசட் மோசமான கார் என்று சொல்லவில்லை. தாத்தாவின் நீண்ட மூக்கு அப்படியே இருக்கிறது, டேஷ்போர்டு மேல் அதே மூன்று வட்ட மீட்டர்கள்கூட இருக்கின்றன. முகஜாடை வந்திருக்கிறது, குணம் வரவில்லை. ஜாடையைக் காட்டி நம் ஏக்கத்தை விற்கிறார்கள்.

வேகத்துக்குப் பேரன், மரியாதைக்குத் தாத்தா. ஆனால் உண்மையான வாரிசு பிறந்தது வேறு வீட்டில் என்பது என் கட்சி. உங்கள் கட்சி எது?