வாய்க்காலின் இரு கரைகள்

புதுச்சேரிக்கு வருவோர் கடற்கரையை ஒட்டிய வீதிகளில் நின்று வியக்கின்றனர். மஞ்சள் பூசிய மதில்கள், வளைவு வாயில்கள், வரிசைத் தூண்கள்! என்ன அழகு, என்ன அமைதி என்கின்றனர். அழகுதான், நாம் மறுக்கவில்லை. அந்த அமைதி யாரை வெளியே நிறுத்திப் பெறப்பட்டது என்றுதான் கேட்கிறோம்.

கிழக்கே கடல், மேற்கே பெரிய வாய்க்கால். இடையே வெள்ளை நகரம். வாய்க்காலுக்கு அப்பால் கருப்பு நகரம். பெயரே பேதத்தைப் பேசுகிறதே! 1761இல் ஆங்கிலேயர் இடித்துத் தள்ளிய ஊர், 1765க்குப் பின் மீண்டும் எழுந்தது. மாளிகையில் வாழ்ந்த கவர்னருக்குப் பெயர் உண்டு. சுண்ணாம்பு அரைத்த கைக்கும் உத்திரம் சுமந்த தோளுக்கும் பெயர் உண்டா? இத்துறையிலிருந்துதான் 18ஆம் நூற்றாண்டில் தமிழர் அடிமைகளாகவும், 19ஆம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாகவும் ரெயூனியன் முதலிய தீவுகளுக்குக் கப்பலேற்றப்பட்டனர். இவ்வூரில்தான் 1936 ஜூலை 30 அன்று, உரிமை கேட்ட பஞ்சாலைத் தொழிலாளர் பன்னிருவர் சுட்டு வீழ்த்தப்பட்டனர். மாளிகையைப் படம் பிடிப்போர் இதை அறிவரா?

1954இல் ஆட்சி கைமாறியது. 1962இல் அது சட்டப்படி நிறைவேறியது. கொடி மாறியது, குடி மாறியதா? அன்று அதிகாரி உறங்கிய அறை, இன்று விடுமுறைச் செல்வர் தங்கும் விடுதி!

பழியெல்லாம் பரங்கியர்க்கே என்று நாம் தப்பிக்க முடியாது. கருப்பு நகரத்துத் தெருக்களைச் சாதிவாரியாகப் பிரித்தவர் யார்? தேவாலயத்தினுள்ளேயே தாழ்த்தப்பட்டோரைத் தனியே ஒதுக்கிய சுவரைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளை 1745ஆம் ஆண்டு நாட்குறிப்பில் எழுதியிருக்கிறாரே! வெள்ளையன் வாய்க்கால் வெட்டினான். நம்மவர் ஆண்டவன் முன்னிலையிலேயே சுவர் எழுப்பினர்!

அரசு கையேற்றால் போதும் என்போர் அமெரிக்காவின் ஜெக்கில் தீவைப் பார்க்கட்டும். 1858இல் நானூறுக்கு மேற்பட்ட ஆப்பிரிக்கரை அடிமைகளாகக் கொண்டுவந்து இறக்கிய கரை அது. பின்னர் ராக்பெல்லர், மார்கன் போன்ற கோடீசுவரர்களின் மன்றம் அங்கே ஓய்வு மாளிகைகளை எழுப்பிக்கொண்டது. 1947இல் ஜார்ஜியா மாநிலம் தீவை வாங்கி மக்களுக்குரியது என்றது. ஆனால் கருப்பின மக்களுக்கோ தென்கோடிக் கடற்கரை மட்டும்! நீதிமன்றம் 1964இல் குறுக்கிட்ட பிறகே அந்தத் தடை உடைந்தது. உடைமை மாறினாலும் உள்ளம் மாறாவிடில் சமத்துவம் வராது.

மாளிகைகளை இடிக்கச் சொல்லவில்லை நாம். காக்கட்டும், உண்மையோடு காக்கட்டும்! கட்டியவர் உழைப்பையும் கப்பலேறியவர் கண்ணீரையும் அச்சுவர்களில் எழுதட்டும். மேற்கே சரிந்து வரும் திண்ணை வீடுகளுக்கும் அதே அக்கறை கிடைக்கட்டும். அத்தெருக்களின் சாதிக் கதையும் மறைக்கப்படாதிருக்கட்டும்.

இளைஞர்களே! பெருமாள் கோவில் தெருவில் பாரதிதாசன் வாழ்ந்த வீடு அருங்காட்சியகமாக நிற்கிறது. மாளிகை பார்க்க வருவோரை வாய்க்கால் தாண்டி அங்கே அழைத்துச் செல்லுங்கள். தூணின் உயரத்தைக் காட்டுபவர் காட்டட்டும். மனிதன் உயர்ந்த கதையை நாம் காட்டுவோம்!