எதைவிட மெதுவாம்?

குவெரிகள் வழக்கமாக ஓடும் அளவை பேஸ்லைனாக எடுத்து வைப்பது வெட்டி வேலை என்று நிறுவ நண்பர் தன் கட்டுரையில் மூன்று காரணங்களை அடுக்கியிருக்கிறார். தரவு தினமும் மாறுவதால் நேற்றைய அளவு இன்றைக்கு உதவாது. மெதுவான குவெரியைப் பிடிக்க ஸ்லோ குவெரி லாக் போதும். அதுவும் போதாவிட்டால் பெரிய சர்வர் வாங்கிக்கொள்ளலாம். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. நெருக்கடி நேரத்தில் ஒரு தடவையாவது புரொடக்‌ஷன் டேட்டாபேஸ் முன்னால் உட்கார்ந்தவர் எழுதியது போல மட்டும் இல்லை.

அவர் அதிகம் நம்புவது ஸ்லோ லாகை. மைஎஸ்க்யூஎல்லில் அது இயல்பாக அணைந்தே கிடக்கும். இயக்கினாலும் வரம்பு 10 விநாடி. சரி, வரம்பை 1 விநாடிக்கு இறக்கிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். 4 மில்லிவிநாடியில் முடியும் ஒரு குவெரி, விநாடிக்கு 500 தடவை ஓடுகிறது. ஒவ்வொரு விநாடியிலும் அதற்காக 2 விநாடி உழைப்பு, அதாவது தோராயமாக 2 கோர். யாரோ ஒரு இண்டெக்ஸைத் தூக்கிவிடுகிறார். குவெரி 40 மில்லிவிநாடி ஆகிறது. இப்போது 20 கோர் வேண்டும். 32 கோர் சர்வரில் லாக் கடைசிவரை வாயே திறக்காது. 16 கோர் என்றால் எல்லாம் முட்டிக்கொண்டு நிற்கும். லாகில் சம்பந்தமே இல்லாத குவெரிகளும் மாட்டும், காத்திருந்த பாவத்துக்கு. அந்த 4 எங்கேயாவது எழுதி வைக்கப்பட்டிருந்தால் 40-ஐப் பார்த்ததும் விஷயம் முடிந்திருக்கும்.

எழுதி வைப்பதும் பெரிய தவம் இல்லை. போஸ்ட்கிரெஸில் பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ் ஒவ்வொரு குவெரி வடிவத்துக்கும் ஓடிய எண்ணிக்கை, மொத்த நேரம், படித்த பிளாக்குகள் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டே போகும். மணிக்கொரு தடவை அதைப் பிரதி எடுத்து, முந்தையதைக் கழித்தால் அந்த மணி நேரத்தின் கணக்கு கையில். ஆரக்கிளின் ஏடபிள்யூஆர் இதைத் தானாகவே செய்கிறது. மைக்ரோசாஃப்ட் தன் எஸ்க்யூஎல் சர்வரின் 2016 பதிப்பில் குவெரி ஸ்டோரைக் கொண்டுவந்தது. 2022 பதிப்பில் புதிய டேட்டாபேஸ்களுக்கு அது இயல்பாகவே இயங்குகிறது. வெட்டி வேலை பார்க்க இத்தனை பேர் கிளம்பியிருக்கிறார்கள் போலும்.

தரவு மாறுகிறதாம். மாறட்டும். திங்கள் காலை 10 மணியைத் திங்கள் காலை 10 மணியோடும், மாதக் கடைசியை மாதக் கடைசியோடும் ஒப்பிடுவதுதான் வழக்கம். ஞாயிறு நள்ளிரவோடு ஒப்பிடச் சொன்னது யார்? அதோடு, நேரம் கேஷைப் பொறுத்து ஆடும், பிளாக் எண்ணிக்கை அவ்வளவு ஆடாது. 50 வரிசை எடுக்க 60 பிளாக் படித்த குவெரி, அதே 50 வரிசைக்கு 9,000 பிளாக் படித்தால், டேபிள் இரண்டு மடங்கானதால் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

மடிக்கணினியில் ஆயிரம் வரிசையை வைத்து எடுத்த அளவு குப்பை என்கிறார். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவரே நம்பிக்கையோடு காட்டும் சராசரி மட்டும் என்னவாம்? நூறு ஓட்டத்தில் 95 ஓட்டம் 2 மில்லிவிநாடி, 5 ஓட்டம் 2 விநாடி என்றால் சராசரி ஏறத்தாழ 102 மில்லிவிநாடி. அந்த 102-ஐ அனுபவித்த பயனர் ஒருவர்கூட இல்லை.

பெரிய சர்வர் வாங்கலாம், தாராளமாக. வாங்கியதால் என்ன மிச்சம் என்று அலுவலகத்தில் கேட்டால் எதோடு ஒப்பிட்டுச் சொல்வார்?

அப்கிரேடுக்கும் பேஸ்லைன் வேண்டாம் என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருப்பதுதான் உச்சம். 2019-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 12-ஐ எடுத்துக்கொள்வோம். அதுவரை தனியாக ஓடிய வித் பகுதிகள், ஒரே இடத்தில் பயன்பட்டால் பிரதான குவெரியோடு கலக்க ஆரம்பித்தன. ஜிட் கம்பைலேஷன் இயல்பாகவே இயங்கத் தொடங்கியது. பிஜி_அப்கிரேட் வழியாகப் போனவர்களுக்கு பிளானர் நம்பியிருக்கும் புள்ளிவிவரங்களும் கூட வரவில்லை. அந்தக் குறை 18-ஆம் பதிப்பில்தான் பெரும்பாலும் தீர்ந்தது. மறுநாள் காலை ஒரு ரிப்போர்ட் நகர மறுக்கிறது. பழைய பிளானும் பழைய அளவும் இல்லாமல், இந்த மூன்றில் எது காரணம் என்று எதை வைத்துச் சொல்வார்? அல்லது அது முன்பும் இப்படித்தான் ஓடியதா என்றாவது சொல்வாரா? அடுத்த கட்டுரையில் அதை எழுதட்டும்.