தகர விமானமும் தொலைஞ்சு போன பேரும்

போன வாரம் ஆபீஸ் நண்பன் ஒருத்தன் வீட்டுக்கு வந்திருந்தான். அலமாரியில இருந்த ஜப்பான் தகர விமானங்களைப் பார்த்துட்டு, "இந்தத் துருப்பிடிச்ச டப்பாவுக்கா இவ்ளோ காசு?"ன்னான். சரி, பையனுக்கு ஞானம் கொடுப்போம்னு ஒரு கதை சொன்னேன்.

1945 மார்ச்ல ஒரே ராத்திரியில டோக்கியோவைக் கொளுத்தினது பி-29 விமானங்கள். செத்தவங்க கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேர். ஆறு வருஷம் கழிச்சு, 1951ல, அதே டோக்கியோவுல இருந்த தொமியாமா கம்பெனி (பின்னாடி டோமின்னு பேர் வாங்கினது) தகரத்துல ஒரு பொம்மை விமானம் போட்டு சக்கைப்போடு போட்டது. என்ன விமானம்? அதே பி-29!

"ரோஷமே இல்லையாடா அவங்களுக்கு?"ன்னான் நண்பன்.

எனக்கு அது ரோஷக் கேடாத் தெரியலை. வயித்துப்பாடு. போர் முடிஞ்ச கையோட, 1945 டிசம்பர்லயே, கொசுகேங்கறவர் அமெரிக்க ராணுவம் தூக்கிப்போட்ட தகர டப்பாக்களை வெட்டி ஜீப் பொம்மை செஞ்சு வித்தார். கையில இருந்தது டப்பா, தெருவுல ஓடினது ஜீப். வேற எதைச் செய்வார்?

என் கோபம் வேற இடத்துல. சேகரிக்கறவங்க முக்கால்வாசிப் பேர் வால்ல பான் ஆம்னு எழுதியிருக்கா, புரொப்பல்லர் சுத்துதா, பெட்டி இருக்கான்னுதான் பார்க்கறாங்க. செஞ்சவன் யாருன்னு திருப்பிப் பார்க்கறதே இல்லை. டி.என்.னு இருந்தா நொமுரா, பூவுக்குள்ள ஒய் இருந்தா யொனெசாவா. இந்தக் குட்டி முத்திரைதான் அவங்க விட்டுட்டுப் போன ஒரே கையெழுத்து. சிலதுல அதுவும் கிடையாது. 'லைன்மார்'னு போட்டிருக்கும். அது அமெரிக்க மார்க்ஸ் கம்பெனியோட பேர். செஞ்சது ஜப்பான்ல, பேர் மட்டும் வாங்கினவனோடது. 1952 வரைக்கும் வந்த பலதுல 'ஆக்குபைடு ஜப்பான்'னு வேற அச்சடிச்சிருக்கும். குழந்தை விளையாடற பொம்மையில கூட தோத்த நாடுங்கற முத்திரை!

இதுல எனக்கு ஏன் இவ்ளோ உறைக்குதுன்னு கேட்டா... நான் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உட்கார்ந்து எழுதற கோடு கூட ஏதோ ஒரு கிளையண்ட் பேர்லதான் வெளியே போகுது. அடியில திருப்பிப் பார்த்தா என் முத்திரை இருக்காது. இதைச் சொன்னதும் நண்பன் சிரிப்பை நிறுத்திட்டான். அவனும் அதே பிராஜெக்ட்தான்.

அப்புறம் மெதுவா ஒரு விமானத்தை எடுத்து, தானாவே கவுத்துப் பார்த்தான்.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு யாராவது வாங்கக் கிளம்பினா ஒரு வேண்டுகோள். கலர் போயிருச்சேன்னு பெயிண்ட் அடிச்சிடாதீங்க. அந்தப் படமெல்லாம் தகடா இருக்கும்போதே அச்சடிச்சு, அப்புறம் வெட்டி வளைச்சது. மேல பூசினா முத்திரையும் சேர்ந்து போயிடும்.