தொடர்மாடியும் நன்னீர்க் கிணறும்

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர், இணுவிலைக் கடந்ததும் மருதனார்மடச் சந்தியை அடைவர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913ஆம் ஆண்டிலே பெண்களின் கல்விக்கென நிறுவிய கல்லூரியும், சூழவுள்ள செம்மண் தோட்டங்களின் விளைவு வந்து குவியும் மரக்கறிச் சந்தையும் அவ்வூருக்குப் பெயர் தந்தவை. நகரத்துக்கு அணித்தாயும் நகரத்தின் நெருக்கடி இல்லாததாயும் இருத்தலே அதன் சிறப்பு. அந்தச் சிறப்பே இன்று அதற்கு ஒரு சோதனையாகவும் வரக்கூடும். யாழ் நகரிலே தொடர்மாடி மனைகள் எழத் தொடங்கிவிட்டன. அவை வீதி வழியே வடக்கு நோக்கி வருமாயின், அயலவர் கொள்ளும் அச்சங்களுள் எவை நியாயமானவை, எவை நியாயமற்றவை என்பதை முன்கூட்டியே ஆராய்தல் நன்று.

தொடர்மாடிக்குச் சார்பான நியாயங்களை முதலிற் கூறுவோம். பதினாறு பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர். தலைமுறை தோறும் சீதனமாகவும் முதுசமாகவும் பங்கிடப்பட்டு வந்த காணிகள் இன்று இரண்டு மூன்று பரப்புகளாகச் சுருங்கிவிட்டன. வெளிநாடு சென்றோரின் வீடுகள் பல பூட்டிக் கிடக்க, மாதச் சம்பளத்திலே வாழும் இளங்குடும்பத்துக்கு ஒரு துண்டுக் காணியும் எட்டாக் கனியாகின்றது. ஒவ்வொரு குடும்பமும் தனி வளவு தேடுமாயின், எஞ்சியுள்ள தோட்ட நிலமும் வீட்டு நிலமாகிவிடும். மேல் நோக்கி எழும் கட்டடம் நிலத்தை மிச்சப்படுத்தும் என்னும் வாதத்தை எளிதிலே தள்ளிவிட முடியாது.

ஆயினும் நிலம் மிச்சமாகும் இடத்திலே நீரும் மிச்சமாகுமா என்பதுதான் வினா. குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறும் மாரி காலத்திலேதான் ஓடும். சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்கும் மழைநீரே வலிகாமத்துக் கிணறுகளை நிரப்புகின்றது. அந்த நன்னீர், கீழேயுள்ள உவர்நீரின் மேல் ஒரு மெல்லிய வில்லைபோல மிதந்து நிற்பது. நன்னீர் கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடி இருக்கும் என்பது நீரியலார் கணக்கு. மேலே ஓர் அடியை இழந்தால் கீழே நாற்பது அடியை உவர்நீர் பற்றிக்கொள்ளும். புத்தூர் நிலாவரைக் கிணற்றிலே மேலே நன்னீரும் ஆழத்திலே உவர்நீரும் இருப்பது இதற்குக் கண்கண்ட சான்று.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்குப் பார்ப்போம். நான்கு பரப்புக் காணியிலே ஒரு வீடும் ஐந்து பேரும் இருந்த இடத்திலே, இருபத்துநான்கு குடும்பங்களும் நூறு பேரும் வந்து சேருகின்றனர் என்க. ஒருவருக்கு நாளொன்றுக்கு 120 லீற்றர் வீதம் 12,000 லீற்றர் நீர் வேண்டும். அதிலே பெரும்பகுதி கழிவாகித் திரும்பவும் அதே நான்கு பரப்பு மண்ணுக்குள்ளேயே இறங்கும். வலிகாமத்துக் கிராமங்களிலே பொதுவான கழிவுநீர்க் குழாய் அமைப்பு இல்லை, மலக்குழியே கதி. வெடிப்புள்ள பாறை அழுக்கை வடிகட்டாது. அயல் வளவுக் கிணற்றுக்கு விரைந்து கடத்திவிடும். தோட்டத்துக்கு இடும் உரமும் மலக்குழிகளும் சேர்ந்து வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றிலே நைத்திரேற்றைப் பெருக்கியிருப்பதை ஆய்வுகள் பலகாலமாகக் கூறிவருகின்றன. உலகச் சுகாதார நிறுவனம் விதித்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதை மீறிய நீர் கைக்குழந்தைகளின் குருதியிலே உயிர்வாயு செல்வதைத் தடுக்கவல்லது.

நிலத்தடி நீர் வேலியை அறியாது என்ற பாடத்தை அயலூரான சுன்னாகம் முன்னமே கற்றுவிட்டது. மின்னிலையத்துச் சூழலிலே கிணறுகளில் எண்ணெய் கலந்த செய்தி 2014ஆம் 2015ஆம் ஆண்டுகளிலே நாட்டை உலுக்கியது. மின்னுற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமென உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலிலே தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது உண்மை. கெட்ட கிணற்றைப் பழையபடி ஆக்கும் வல்லமை எந்தத் தீர்ப்புக்கும் இல்லை.

தாளையடியிலே கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டிலே திறக்கப்பட்டதே, இனி என்ன குறை எனச் சிலர் கேட்கலாம். குடிநீர்க் கவலையை அது தணிக்கலாம். கழிவுநீரை அது குறைக்காது; தாராளமாய் நீர் வருமிடத்திலே கழிவும் தாராளமாகும்.

இவ்வளவும் நியாயமான அச்சங்கள். நியாயமற்ற அச்சம் ஒன்றும் உண்டு. ‘யார் எவர் வந்து குடியேறுவாரோ’ என்ற முணுமுணுப்பே அது. இக்குடாநாட்டிலே சாதியின் பெயரால் கிணற்றடியிலே மனிதரைத் தடுத்த காலம் இருந்தது. சாதி காரணமாகப் பொது இடங்களிலே ஒருவரைத் தடுத்தலைக் குற்றமாக்கும் சட்டம் 1957இலே வந்தது. நீரின் தூய்மையைக் காக்க எழும் குரலிலே ஆளின் ‘தூய்மை’யை அளக்கும் பழைய தொனி கலக்குமானால், நியாயமான வழக்கும் வலுவிழந்துவிடும். வருபவர் எவராயினும் அவர் குழந்தையும் அதே நீரைத்தான் குடிக்கப்போகின்றது.

ஆகவே மாடியின் எண்ணிக்கையைப் பற்றிப் பூசலிடுவதைவிட, அனுமதி வழங்குமுன் பிரதேச சபையிடம் கேட்கவேண்டியவற்றைக் கேட்டலே அறிவுடைமை. நீர் எங்கிருந்து எடுக்கப்படும்? கழிவுநீர் சுத்திகரிக்கப்படுமா? மாரிவெள்ளம் எவ்வழி வடியும்? ஒழுங்கைக்குள் தீயணைப்பு வண்டி நுழையுமா? அத்திவாரத்தின் கீழுள்ள பாறையைச் சோதித்தவர் யார்? சென்னையின் புறநகரான மௌலிவாக்கத்திலே 2014 ஜூனிலே பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 உயிர்கள் மாண்டதை மறத்தலாகாது.

இன்னொன்றும் கேட்டல் வேண்டும். கட்டியவர் விற்றுவிட்டுப் போனபின் சுத்திகரிப்புப் பொறியை இயக்கப்போகிறவர் யார்? மாடிமனை உரிமையாளர் ஒன்றுகூடிப் பொதுச் சொத்தைப் பராமரிக்கும் முறைக்கு இலங்கையிலே 1973ஆம் ஆண்டின் சட்டம் வழிவகுத்துள்ளது. வேலியை மட்டும் எல்லையாகக் கொண்டு வாழ்ந்த நமக்கு அந்தக் கூட்டுப் பொறுப்பு புதிது. கிணற்று நீரோ என்றுமே பொதுச் சொத்தாகத்தான் இருந்து வந்திருக்கின்றது. வேலிக்கு மேலே பிரிந்திருந்தோமாயினும் வேலிக்குக் கீழே நாம் ஒரே கிணற்றைத்தான் பங்கிட்டு வருகின்றோம்.