ஓட்டையைக் காட்டினவன் திருடனா?

"உங்க கொல்லைக் கதவு தாழ் போடாம கெடக்கு சார்"னு பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்னா என்ன செய்வோம்? உட்காரவைத்து ஒரு காபி கொடுப்போம். இதையே இணையப் பாதுகாப்பு ஆய்வாளன் சொன்னால் மட்டும் நம் நாட்டில் வக்கீலைக் கூப்பிடுகிறார்கள், இல்லையென்றால் போலீஸை.

ஹரி பிரசாத்தை நினைவிருக்கிறதா? ஹைதராபாத் பொறியாளர். மின்னணு வாக்கு இயந்திரத்தில் எப்படி விளையாடலாம் என்று 2010-ல் அலெக்ஸ் ஹால்டர்மேன் முதலானவர்களோடு சேர்ந்து செய்து காட்டினார். ஆகஸ்டில் மும்பை போலீஸ் வீடு தேடி வந்து அழைத்துப் போனது. இயந்திரத்தைத் திருடினார் என்று வழக்கு. கொடுத்தது யார் என்று அவர் கடைசி வரை சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் ஜாமீன். அதே வருஷம் அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் அவருக்கு விருது கொடுத்தது!

இயந்திரம் எப்படிக் கைக்கு வந்தது என்று கேட்கக் கூடாதா என்பீர்கள். தாராளமாகக் கேட்கட்டும். அவர் ஆய்வையும் மறுக்கட்டும். ஆனால் ஆய்வை மறுக்க வேண்டிய இடம் ஆய்வுக்கூடம், லாக்கப் அல்ல.

நம்ம தமிழ்நாட்டு லக்ஷ்மண் முத்தையாவைப் பாருங்கள். 2019-ல் இன்ஸ்டாகிராம் கணக்கைக் கைப்பற்றும் வழியைக் கண்டுபிடித்துச் சொன்னார்; ஃபேஸ்புக் 30,000 டாலர் கொடுத்தது. 2021-ல் மைக்ரோசாஃப்ட் 50,000 டாலர். அதே மூளைதான், கேட்கிற காதுதான் வேறு.

நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ம் பிரிவில் மூன்று வருஷம் வரை சிறை. நேர்மையற்ற நோக்கம் வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் நல்லெண்ண ஆய்வுக்கென்று தெளிவான விலக்கு இல்லை. அப்படிப்பட்டவர்கள்மேல் வழக்குப் போட வேண்டாமென்று அமெரிக்க நீதித்துறை 2022-ல் கொள்கையே அறிவித்துவிட்டது.

இங்கே பெங்களூரில் என் டீமில் ஒரு திருநெல்வேலிப் பையன். ஒரு தளத்தில் தன் ரசீது எண்ணில் ஒன்றைக் கூட்டினான், அடுத்தவர் முகவரி வந்தது. மெயில் போட்டான். பதிலாக வந்தது வக்கீல் நோட்டீஸ். ஊரிலிருந்து அவன் அப்பா, "ஒனக்கு எதுக்குல ஊர் வம்பு?"

என் கோபம் அந்தக் கம்பெனிமேல் பாதி, நம்மேல் பாதி. பிழைக்க வந்த இடத்தில் வாயைத் திறக்காதே என்றே பிள்ளைகளை வளர்க்கிறோம். அப்புறம் நம் ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கையும் காப்பாற்ற யார் வருவார்கள்?

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் தடுக்காதீர்கள். முறையைச் சொல்லிக்கொடுங்கள்: சொந்தக் கணக்கில் மட்டும் சோதி, அடுத்தவர் தகவலை எடுத்து வைக்காதே, செர்ட்-இன் அமைப்புக்கு எழுது. வம்பு இல்லை சாமி, இதுவும் ஒரு தொழில்தான். கௌரவமான தொழில்.