நாற்பதில் ஓய்வாம்! யாருக்கு?

பணக் கணக்கு சொல்லித் தரும் பண்டிதர்கள் ஒரு புதிய வேதத்தைப் பரப்பி வருகிறார்கள். வாலிபனே, சம்பாத்தியத்தில் பாதியைச் சேமி. சேமித்ததைப் பங்குச் சந்தையில் போடு. வீட்டுக் கடனைத் தவணைக்கு முன்பே அடைத்து விடு. தகப்பனார் சொத்து எவ்வளவு வரும் என்பதை இப்பொழுதே கணக்கில் எழுதிக்கொள். நாற்பது, நாற்பத்தைந்து வயதில் வேலைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நிம்மதியாக உட்கார்ந்து விடு. இதுதான் அந்த வேதம். பத்திரிகைகளின் பணப் பக்கங்களில் இதன் பாராயணம் ஓயாமல் நடக்கிறது. பழைய மகாபலிபுரம் சாலையில் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் நமது பிள்ளைகளில் பலர் இதை நம்பவும் தொடங்கியிருக்கிறார்கள்.

அவர்களைக் கேலி செய்வது நமது நோக்கமல்ல. முப்பது வயதில் ஒருவன், சிறைக் கைதி விடுதலைத் தேதியை எண்ணுவதுபோல் வேலையிலிருந்து தப்பும் நாளை எண்ணுகிறான் என்றால், அது அவனுடைய சோம்பேறித்தனமா? 2023 அக்டோபரில் இன்போசிஸ் நாராயணமூர்த்தி, இந்த நாட்டு வாலிபர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று உபதேசம் செய்தார். 2025 ஜனவரியில் லார்சன் அண்ட் டூப்ரோ கம்பெனியின் தலைவர் சுப்பிரமணியன் பேசிய பேச்சு வெளியே வந்தது. அவர் ஏலத்தை 90 மணி நேரத்துக்கு உயர்த்தியிருந்தார்! ஞாயிற்றுக்கிழமை வேலை வாங்க முடியவில்லையே என்று அவருக்கு வருத்தமாம். இப்படிப்பட்ட புண்ணியவான்கள் கொலுவீற்றிருக்கும் இடத்திலிருந்து ஓட வேண்டும் என்று ஒருவன் நினைப்பது முற்றிலும் நியாயம். ஓய்வு வேண்டும் என்ற ஆசையை நாம் பழிக்கவில்லை. தொழிலாளி வர்க்கத்தின் ஆதிக் கோரிக்கையே அதுதான். எட்டு மணி நேர வேலை என்று கேட்டபோது நமது முன்னோர்கள் கேட்டது வேலையை அல்ல, மீதிப் பதினாறு மணி நேரத்தை.

ஆனால் பண்டிதர்களின் கணக்கு இருக்கிறதே, அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு வருஷச் செலவைப் போல் 25 மடங்கு பணம் சேர்த்துவிட்டால் போதுமாம். அதிலிருந்து ஆண்டுக்கு 4 சதவீதம் எடுத்துச் சாப்பிடலாமாம். இந்தச் சூத்திரம் எங்கிருந்து வந்தது? 1994-ல் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர், அமெரிக்கப் பங்குகளும் கடன் பத்திரங்களும் 1926 முதல் கொடுத்த வருமானத்தை வைத்துப் போட்ட கணக்கு இது. அதுவும் 30 வருஷ ஓய்வுக் காலத்துக்குப் போட்டது. அறுபத்தைந்து வயதுக் கிழவருக்கு அளவெடுத்துத் தைத்த அமெரிக்கச் சட்டையை, இன்னும் நாற்பத்தைந்து வருஷம் வாழப்போகிற சென்னை வாலிபனுக்கு மாட்டிவிட்டு, அளவு சரியாக இருக்கிறதென்று சத்தியம் செய்கிறார்கள்.

சரி, சூத்திரத்தை அப்படியே ஏற்றுக்கொள்வோம். மாதம் 15,000 ரூபாயில் குடும்பம் நடத்துகிற ஒரு தொழிலாளிக்கு அது என்ன சொல்கிறது? வருஷச் செலவு 1,80,000 ரூபாய். இருபத்தைந்தால் பெருக்கினால் 45 லட்சம். அவர் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி மாதம் 2,000 ரூபாய் மீத்தால், 45 லட்சம் சேர 187 வருஷம் ஆகும். வட்டியைக் கூட்டவில்லையே என்று பண்டிதர் குறுக்கிடுவார். கூட்டலாம். விலைவாசி ஏற்றத்தையும், நடுவில் வரும் ஒரு கல்யாணத்தையும், ஒரு ஆஸ்பத்திரிச் செலவையும் சேர்த்தே கூட்டிப் பார்க்கட்டும்.

நாற்பதில் உட்கார்ந்துவிட்ட அந்தப் பாக்கியசாலியின் இலையில் விழுகிற சோற்றை யார் விளைவித்தது என்பதுதான் நமது முக்கியமான கேள்வி. பணம் குட்டி போடுவதில்லை. அவனுக்கு வரும் லாப ஈவு, அந்தக் கம்பெனியில் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிற இன்னொருவனுக்குக் கொடுக்காமல் விட்ட கூலி. அவன் வாங்கும் வாடகை, குடியிருப்பவனின் சம்பளத்தில் ஒரு துண்டு. எல்லோரும் நாற்பதில் உட்கார்ந்துவிட்டால் யாருக்கும் ஈவு இல்லை, வாடகையும் இல்லை. ஆகவே இந்த வேதம் பலர் ஓடி ஒருவன் தப்புகிற வேதம்.

பென்ஷனும் இன்று உழைப்பவர்கள் விளைவிப்பதிலிருந்துதானே வருகிறது என்று கேட்கலாம். உண்மைதான். எந்தச் சமுதாயத்திலும் கிழவனுக்குச் சோறு போடுவது அன்று உழைக்கிறவர்களின் கைதான். ஆனால் எந்த உரிமையின் பேரில் போடுகிறது? பென்ஷன் வாங்குகிறவன், நான் இத்தனை வருஷம் உழைத்தேன், அன்று பிடித்து வைத்த என் கூலியைக் கொடு என்கிறான். பங்குக்காரனோ, நான் சொத்துடையவன், கப்பம் கட்டு என்கிறான். 1982 டிசம்பர் 17-ல் நகாரா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டே பென்ஷன் என்பது எஜமானன் போடும் பிச்சையல்ல, செய்த சேவைக்குரிய உரிமை என்று தீர்ப்பளித்தது. அந்த நாளைத்தான் பென்ஷன்காரர்கள் இன்றும் தங்கள் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

அந்த உரிமைக்கு என்ன கதி நேர்ந்தது? தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1 முதல் வேலைக்குச் சேர்ந்த சர்க்கார் ஊழியர்களுக்குப் பழைய பென்ஷன் இல்லையென்றார்கள். அந்த ஆண்டு ஜூலையில் ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது ஜெயலலிதா சர்க்கார் ஏறத்தாழ 1,70,000 பேரை வேலையைவிட்டு விரட்டியது. நள்ளிரவில் வீடு புகுந்து கைது செய்ததை ஊர் மறக்கவில்லை. மத்தியில் வாஜ்பாய் சர்க்கார் 2004 ஜனவரி 1 முதல் அதே கத்தியை வீசியது. உன் பணத்தைச் சந்தையில் போடுகிறோம், ஏறினால் உன் அதிர்ஷ்டம், இறங்கினால் உன் தலைவிதி என்று புதிய திட்டம் வந்தது. இருபது வருஷக் கிளர்ச்சிக்குப் பிறகு, 25 வருஷம் வேலை செய்தவருக்குச் சம்பளத்தில் பாதிக்கு உத்தரவாதம் என்று 2025 ஏப்ரலில் ஒரு திட்டத்தை மத்திய சர்க்கார் கொண்டுவர வேண்டி வந்தது. அதிலும் ஓட்டைகள் உண்டு. ஆனால் சந்தையே போதும் என்று பேசிய வாய்தான் உத்தரவாதம் என்ற வார்த்தையை உச்சரித்தது.

தனியார் தொழிலாளியின் கதை இதைவிடக் கொடுமை. 1995 நவம்பர் 16-ல் வந்த பென்ஷன் திட்டத்தில், சம்பளத்தை வேலை செய்த வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். இதற்காக எடுத்துக்கொள்ளும் சம்பளத்துக்கு 2014 செப்டம்பரில் வைத்த உச்சவரம்பு 15,000 ரூபாய். அந்த வரம்பிலேயே முழுசாக 35 வருஷம் உழைத்ததாக வைத்துக்கொண்டாலும் வருவது 7,500 ரூபாய். இதற்குப் பஞ்சப்படி கிடையாது. வாங்கத் தொடங்கிய நாளில் என்ன தொகையோ, சுடுகாட்டுக்குப் போகிற நாளிலும் அதே தொகை. 58 வயதுக்கு முன்னால், ஐம்பதிலேயே, உடம்பு முடியாமல் கேட்டால், முந்துகிற ஒவ்வொரு வருஷத்துக்கும் 4 சதவீதம் வெட்டு. பண்டிதர்கள் புகழும் ‘முன்கூட்டிய ஓய்வு’ தொழிலாளிக்கு வந்தால், அதற்குப் பெயர் அபராதம்!

குறைந்தபட்ச பென்ஷன் என்ன தெரியுமா? பாரதீய ஜனதாக் கட்சியைச் சேர்ந்த கோஷியாரி தலைமையில் ராஜ்யசபாக் குழு ஒன்று 2013-ல் 3,000 ரூபாயாவது கொடுக்க வேண்டும் என்று சிபாரிசு செய்தது. மறு வருஷம் அதே கட்சி கோட்டையில் ஏறியது. 1,000 ரூபாய் என்று உத்தரவு போட்டது. பத்து வருஷம் கழித்து 2024-லும் அதே ஆயிரம். நாளொன்றுக்கு 33 ரூபாய். பீடி சுற்றியும் பஞ்சாலையில் இழை முடிந்தும் இருமல் வாங்கியவர்களுக்கு, மருந்துச் சீட்டில் முதல் வரிக்கே இது போதாது.

அந்த 2014 செப்டம்பர் உத்தரவில் நமது கம்ப்யூட்டர் வாலிபர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷமம் இருந்தது. 15,000 ரூபாய்க்கு மேல் சம்பளத்தில் புதிதாகச் சேருகிறவனுக்கு அந்தப் பென்ஷன் திட்டத்தின் கதவே சாத்தப்பட்டது. சர்க்கார் வேலைக்குப் போன அண்ணனுக்கு 2004-ல் ஒரு கதவு. கம்பெனிக்குப் போன தம்பிக்கு 2014-ல் இன்னொரு கதவு. சாத்திய கதவுகளுக்கு வெளியே ஜமக்காளம் விரித்து உட்கார்ந்திருக்கிறார் நமது பணப் பண்டிதர். உன் கிழட்டு வயதுக்கு நீயே பொறுப்பு, வா, என் பண்டில் பணம் போடு என்கிறார். தொழிலாளியின் பிராவிடண்ட் பண்ட் பணமும் 2015 முதல் ஒரு பகுதி பங்குச் சந்தைக்குப் போகத் தொடங்கியது. அந்தச் சந்தை 2020 மார்ச் 23-ல் ஒரே நாளில் 3,934 புள்ளி சரிந்ததே, அன்று ஓய்வு பெற வேண்டியவன் எந்தச் சூத்திரத்தைப் பாராயணம் செய்திருப்பான்?

வீட்டுக் கடனைச் சீக்கிரம் அடைத்துவிடு என்கிறார்களே, அது நல்ல யோசனைதான். கடன் வாங்கி அதே பணத்தைச் சூதாட்டத்தில் போடச் சொல்கிறவர்களைவிட இவர்கள் தேவலை. ஆனால் அடைப்பது யாரால்? 30 லட்சம் ரூபாய், எட்டரை சதவீத வட்டி, 20 வருஷம் என்றால் மாதத் தவணை 26,000 ரூபாயைத் தாண்டும். முடிவில் கட்டியிருப்பது 62 லட்சத்துக்கு மேல். ஒரு வீடு உனக்கு, ஒரு வீடு பாங்கிக்கு! தொண்ணூறு நாள் தவணை நின்றால் வாராக்கடன் என்று எழுதுவார்கள். 2002-ல் வந்த சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, சிவில் கோர்ட்டில் வழக்குப் போடாமலே வீட்டைக் கைப்பற்றலாம். நமது தாத்தா காலத்து வட்டிக்கடைக்காரன்கூடக் கோர்ட்டுப் படி ஏற வேண்டியிருந்தது.

அந்தத் தவணை நடுவில் நிற்காது என்பதற்கு யார் ஜாமீன்? இந்த நாட்டில் முன்கூட்டிய ஓய்வு உண்மையாகவே நடக்கிறது. கொடுக்கிறவன் முதலாளி, வாங்குகிறவன் தொழிலாளி. 2020 ஜனவரி 31-ல் பி.எஸ்.என்.எல். ஊழியர்கள் 78,000-க்கும் மேற்பட்டவர்கள், ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், ஒரே நாளில் வீட்டுக்குப் போனார்கள். விருப்ப ஓய்வு என்று பெயர். மாதக்கணக்கில் சம்பளம் தாமதமாகிக்கொண்டிருந்த இடத்தில் பிறந்த விருப்பம் அது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். கம்பெனி 12,000-க்கும் மேற்பட்டவர்களை நீக்கப் போவதாக அறிவித்தது. நடுத்தர, உயர் நிலையில் இருந்தவர்களே அதிகம் என்றது. அவர்களுக்கும் நாற்பதில் ஓய்வு வாய்த்தது. பாங்கிக்காரன் மட்டும் ஓய்வு பெறவில்லை.

கடைசியில் வாரிசுச் சொத்து. தகப்பனார் வைத்துவிட்டுப் போவதைக் கணக்கில் சேர் என்கிறார்கள். ஆயிரம் ரூபாய் பென்ஷன் வாங்கும் தகப்பனாரிடமிருந்து மகனுக்கு வருகிற வாரிசுரிமை அவருடைய மருந்துச் செலவுதான். அதை அவன் தகப்பனார் உயிரோடிருக்கும்போதே பெற்றுக்கொள்கிறான். இன்னொரு பக்கம், பிறந்த அன்றே ஓய்வு பெற்றுவிட்ட குழந்தைகளும் இந்த நாட்டில் இருக்கிறார்கள். அவர்களுக்கு 25 மடங்குக் கணக்குத் தேவையில்லை. 1953-ல் எஸ்டேட் வரி என்று ஒரு சட்டம் வந்தது. பெரும் சொத்துகளுக்கு அது 85 சதவீதம்வரை உயர்ந்ததுண்டு. 1985-ல் ராஜீவ் காந்தி சர்க்காரின் நிதி மந்திரி வி.பி. சிங் அதை ஒழித்தார். வசூல் சொற்பம், செலவு அதிகம் என்பது சொன்ன காரணம். திருடன் பிடிபடுவதில்லை, ஆகவே போலீஸ் ஸ்டேஷனை மூடிவிடு என்பது எப்படியோ அப்படி! 1957-ல் வந்த சொத்து வரியை 2015-ல் அருண் ஜெட்லி ஒழித்தார். விளைவு என்ன? 2022-23-ல் இந்த நாட்டுச் சொத்தில் 40 சதவீதம் உச்சியிலுள்ள நூற்றில் ஒருவர் கையில் இருந்தது என்று பாரிஸிலுள்ள உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் 2024 மார்ச்சில் கணக்குக் காட்டியது. அடுத்த மாதமே தேர்தல் மேடையில் வாரிசு வரி என்ற பேச்சு எழுந்தது. பிரதமர், தாய்மார்களின் தாலியைப் பிடுங்கப் போகிறார்கள் என்று ஊர் ஊராகக் கூச்சல் போட்டார். காங்கிரஸ் தலைவர்களோ, நாங்கள் அப்படிச் சொல்லவே இல்லை என்று ஓடி ஒளிந்தார்கள். தாலிக்கே பொன் இல்லாத வீடுகளைக் காட்டிக் கோடீஸ்வரன் பெட்டிக்குக் காவல் போடுவதில் இரண்டு கட்சிகளும் ஒரே அணி!

ஓய்வை வென்றெடுத்தவர்கள் எப்படி வென்றார்கள்? பிரான்சில் யுத்தத்துக்குப் பிறகு தொழிலாளர் மந்திரியாக இருந்த கம்யூனிஸ்ட் அம்புருவாஸ் குரூவாஸா, தொழிற்சங்கங்களின் பலத்தில், சமூகப் பாதுகாப்புத் திட்டத்தைக் கட்டினார். 1982-ல் அங்கே ஓய்வு வயது 60 ஆயிற்று. 2010-ல் அதை 62 ஆக்கினார்கள். 2023-ல் மக்ரோன், பார்லிமெண்டில் ஓட்டெடுப்பே இல்லாமல் 64 என்று திணித்தார். லட்சக்கணக்கானவர்கள் வீதிக்கு வந்தார்கள். 2025 அக்டோபரில் அவருடைய சொந்தப் பிரதமரே, அந்தச் சட்டத்தை நிறுத்திவைக்கலாம் என்று முன்மொழிய நேர்ந்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? 2023 ஏப்ரல் 21-ல் தமிழ்நாடு சட்டசபை, 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவை நிறைவேற்றியது. தோழமைக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. எல்லாத் தொழிற்சங்கங்களும் எழுந்தன. பத்தே நாளில், மே 1 அன்று, மசோதா வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்தார். சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் செங்கொடி ஏற்றி இந்நாட்டின் முதல் மே தினத்தைக் கொண்டாடிய 1923-க்குச் சரியாக நூறாவது வருஷம் அது.

பென்ஷன்காரர்கள் கேட்பது குறைந்தபட்சம் 7,500 ரூபாயும் பஞ்சப்படியும். அதோடு நாம் சேர்த்துக் கேட்பது, 2014-ல் சாத்திய கதவைத் திற என்பது. சென்னையில் பிராவிடண்ட் பண்ட் ஆபீஸ் இராயப்பேட்டை நெடுஞ்சாலையில் இருக்கிறது. பஞ்சாலைக் கிழவரின் கணக்கும் கம்ப்யூட்டர் வாலிபனின் கணக்கும் ஒரே இலாகாவில்தான் இருக்கின்றன. அடுத்த முறை அந்தக் கிழவர்கள் அங்கே கொடி பிடித்து நிற்கும்போது, வாலிபத் தோழர்கள் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வரட்டும். அந்த ஒரு நாள் சம்பளம் போனால், பண்டிதரின் கணக்கில் விழும் துண்டை நாம் பொறுத்துக்கொள்வோம்.